இரண்டு பெட்டிக்கு ஒரு வண்டி

செல்வமலர் அக்கா ஒருவனுடைய முன்பற்களை இரும்பு அகப்பையால் கழற்றியவர். கேள்விப்பட்டுச் சொல்லவில்லை, பக்கத்தில் நின்று பார்த்தவன் சொல்கிறேன். இன்றைக்கு லண்டன் புறநகரான சட்டனில் அவர் பாலும் பாணும் வாங்கிக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் வீதியைக் கடப்பதைக் காண்கிறவர்கள், "பாவம், வாயில்லாப் பூச்சி" என்கிறார்கள். எனக்குச் சிரிப்பும் வருகிறது, பற்றிக்கொண்டும் வருகிறது. வாயில்லாப் பூச்சியாம்! அந்த வாய்க்குப் பயந்து கவுன்சில் உத்தியோகத்தன் ஒருவன் எழுதிய தண்டச்சீட்டைத் தானே கிழித்துவிட்டுப் போனதை இவர்கள் எங்கே கண்டார்கள்?

நான் பாலேந்திரா, கலியாணச் சமையல்காரன். எண்பத்தாறாம் ஆண்டிலிருந்து அக்காவோடும் அவருடைய கணவர் யோகராஜா அண்ணையோடும் லண்டன் முழுக்க அலைந்தவன். அவர்கள் இருவரும் எண்பத்துமூன்றுக் கலவரத்துக்கு அடுத்த வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, தெற்கு லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில் ஒரு கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தார்கள். அண்ணை ஈ எறும்புக்கும் வழிவிட்டு நடக்கிற மனிதர். அக்கா அப்படியில்லை. அவருடைய கை எனக்கும் இரண்டொரு தடவை விழுந்திருக்கிறது. வாங்கிய பிறகு யோசித்தால் பிழை என் பக்கம்தான் இருக்கும், அதுதான் இன்னும் எரிச்சல்.

அந்தக் காலத்தில் இங்கே எங்கள் ஆட்களுக்குக் கலியாணம் என்றால் பள்ளிக்கூட மண்டபம்தான். மண்டபம் கிடைத்துவிடும், மணவறைக்கு எங்கே போவது? அண்ணை ஒட்டுப்பலகையிலும் சிவப்பு வெல்வெட்டிலும் தானே ஒரு மணவறை செய்தார். தூண், வளைவு, மயில் எல்லாம் கழற்றிப் பூட்டலாம். சமையலுக்கு நான் வந்து சேர்ந்தேன். ஒரு ட்ரெய்லரில் பெரிய சமையல் கிடாரங்களும் காஸ் அடுப்புகளும், மற்றதில் மணவறையும் கதிரைகளும். நாங்கள் ட்ரெய்லர் என்று சொல்வதில்லை. சமையல் பெட்டி, மணவறைப் பெட்டி. இரண்டையும் இழுக்க ஒரே ஒரு பழைய பிக்கப்.

முதல் கலியாணத்துக்கு அண்ணை ஒரு பெட்டிக்குப் பின்னால் மற்றப் பெட்டியைக் கொளுவி ஓட்டிக்கொண்டு போனார். ஸ்ட்ரெதத்தில் பொலிஸ் மறித்து, இது றோட்டு, ரயில்பாதை இல்லை என்று சொல்லி இறக்கிவிட்டது. பிக்கப் ஒன்றுக்கு ஒரு பெட்டிதான் இந்த நாட்டுச் சட்டம். அன்றைக்குத் தொடங்கியது எங்கள் பிழைப்பு. ஒரு பெட்டியைக் கொண்டுபோய் ஓரிடத்தில் விடுவது, திரும்பி வந்து மற்றதை எடுப்பது. கலியாணங்களுக்குக் காலையில்தான் முகூர்த்தம். அந்த நேரத்தில் லண்டனை இரண்டு முறை குறுக்கே ஓட ஏலாது. ஆகவே முதல்நாளே இரண்டு பெட்டியையும் மண்டபத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் இரவு எங்கேயாவது விட வேண்டும்.

இந்த 'எங்கேயாவது' இருக்கிறதே, அதுதான் எங்களைத் தின்றது. வீடுகளுக்கு முன்னால் விட்டால் திரைச்சீலை அசையும், அடுத்து பொலிஸ் வரும். பெரிய தெருவில் விட்டால் தண்டச்சீட்டு. மதுக்கடை வாசலில் விட்டால் உதை. வெளிச்சமில்லாத இடத்தில் விட்டால் காலையில் சில்லு இருக்காது. நல்ல இடமென்று ஒன்றைக் கண்டுபிடித்து அண்ணை பெட்டியைக் கழற்றுவார், அக்காவும் நானும் அதற்குக் காவல் இருப்போம், அண்ணை மற்றதை எடுக்கப் போவார். அவர் திரும்பி வருகிறபோது நாங்கள் இருப்போமா என்று அவருக்குப் பயம். அவர் திரும்பி வருவாரா என்று அக்காவுக்குப் பயம். இருவரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

பெட்டியை விட்டு அசையக் கூடாது என்பது அக்காவின் சட்டம். காரணம் இருந்தது. முதல் வருடம் குறொய்டனில் தேநீர் குடிக்கப் போன இடைவெளியில் சமையல் பெட்டியை அப்படியே கொளுவிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்தநாள் சம்பந்திமாருக்குக் கடைப் பாணும் வாழைப்பழமும்தான். மாப்பிள்ளையின் தாய் எல்லோருக்கும் முன்னால் அக்காவைப் பார்த்து, "சோத்துக்கு வழியில்லாத நீங்கள் என்னத்துக்குக் கலியாணம் செய்யிறியள்?" என்று கேட்டாள். பொலிஸ் பெட்டியைப் பிறகு எங்கேயோ கண்டுபிடித்துத் தந்தது. மானத்தை யார் கண்டுபிடித்துத் தருவது?

பல் விழுந்த கதைக்கு வருகிறேன். எண்பத்தேழு, தென்கிழக்கு லண்டன், பட்டப்பகல். அண்ணை சமையல் பெட்டியை ஒரு மைதானத்து மதிலோரம் விட்டுவிட்டுப் போயிருந்தார். அன்றைக்குப் பந்தாட்டம் என்று எங்களுக்குத் தெரியாது. ஆட்டத்தில் தோற்ற கூட்டம் ஒன்று அந்த வழியாக வந்தது. மொட்டைத் தலை, முழங்கால்வரை சப்பாத்து. பெட்டியின் கதவிடுக்கில் என் முகத்தைக் கண்டுவிட்டார்கள். "பாக்கி, வெளியே வா" என்று, எங்கள் நிறத்துக்கு அவர்கள் வைத்த வசையோடு தொடங்கியது. உள்ளே நின்று பெட்டிக் கதவைச் சாத்திக்கொண்டோம். இரண்டு பக்கமும் நின்று ஆட்டினார்கள். உள்ளே கிடாரங்கள் உருண்டன. ஒரு மூடி பறந்து வந்து என் புருவத்தைப் பிளந்தது. இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. காற்றுத் துவாரத்தால் ஒருவன் எரிகிற கடதாசியைச் செருகினான். உள்ளே காஸ் சிலிண்டர்கள்.

அக்கா கடதாசியைக் காலால் மிதித்து அணைத்தார். பிறகு கதவைத் திறந்தார். நான் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன், தலைப்புத்தான் என் கையில் மிஞ்சியது. முன்னால் நின்றவன் சிரித்தான். அந்தச் சிரிப்பிலேயே அகப்பை இறங்கியது. பல் தார் றோட்டில் விழுந்த சத்தம்கூடக் கேட்டது. மற்றவர்கள் ஒரு கணம் திகைத்து நின்றுவிட்டு எங்கள் இருவர் மேலும் பாய்ந்தார்கள். என் விலா எலும்பு முறிந்தது. அக்காவை விழுத்தி வயிற்றில் உதைத்தார்கள். யாரோ பொலிஸ் விசில் ஊதியதால் உயிர் மிஞ்சியது.

அக்கா அப்போது முழுகாமல் இருந்தார். எனக்கு அது தெரியாது. அந்த உதையில் அது கலைந்துவிட்டது, அதற்குப் பிறகு பிள்ளை தங்கவேயில்லை. பெட்டியை விட்டுவிட்டு ஓடியிருந்தால் வயிற்றில் இருந்தது தப்பியிருக்கும் என்று அனுதாபம் சொல்ல வந்த ஒருத்தி சொன்னாள். அக்கா அவளைக் கன்னத்தில் அறைந்து படியால் இறக்கிவிட்டார். அண்ணை, இந்தத் தொழில் போதும் என்று அழுதார். "உதைச்சவன் வீட்டிலை இருக்கேல்லை. நாங்கள் ஏன் வீட்டிலை இருக்கோணும்?" என்று அக்கா கேட்டார். அடுத்த மாதம் பெட்டி மறுபடியும் உருண்டது.

வெள்ளைக்காரன் மட்டும் அடித்தான் என்று எழுதினால் பாதிப் பொய். தொண்ணூற்றொன்றில் ஒரு கடையின் பின்முற்றத்தில் நின்றபோது எங்கள் பெடியன்களே வந்தார்கள். ஊரில் அடித்துக்கொண்ட பகையை இங்கே வாளோடு கொண்டுதிரிந்த கூட்டம். தங்கள் சாமானை எங்கள் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுபோக வேண்டுமாம். அண்ணை ஏலாது என்றார், அவ்வளவு மெதுவாக ஏலாது என்று ஒருவரும் சொன்னதில்லை. கிரிக்கெட் மட்டையால் அவருடைய முழங்காலில் அடித்தார்கள். நான் அடுப்பில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். அக்கா கொதிக்கிற கஞ்சிப் பாத்திரத்தை என் கையிலிருந்து பறித்து அவர்களுடைய காலில் ஊற்றினார். சப்பாத்தைக் கழற்றத் தோலும் கூட வந்தது. "அண்ணையெண்டு கூப்பிட்ட வாயாலை அடிக்கிறியளோடா நாயளே!" என்று அவர் கத்தியது அந்தத் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அண்ணை அதற்குப் பிறகு நொண்டித்தான் நடந்தார்.

இப்படிப்பட்ட அக்கா ஒன்றுக்கு மட்டும் பயந்தார். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டைவிட்டு இறங்குகிறவனைப் பார்த்து "எங்கை போறாய்?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. கேட்டே ஆகவேண்டுமென்றால் "தூரமோ?" என்று கேட்கலாம், அவனும் "ஓம், கொஞ்சம் தூரம்தான்" என்பான், அதோடு சரி. பெரும்பாலானவர்கள் லண்டனுக்கு வந்து இதை மறந்துவிட்டார்கள். அக்கா மறக்கவில்லை. ஊரில் அவருடைய தமையன் சைக்கிளில் ஏறும்போது "எங்கை அண்ணை?" என்று இவர் கேட்டிருக்கிறார். அவர் சந்தி திரும்பவில்லை, ஆமி சுட்டுவிட்டது. சுட்டவனை விட்டுவிட்டு, வாய் திறந்து கேட்டது தன் பிழை என்று இத்தனை காலம் நெஞ்சில் சுமந்தார். இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அக்காவோடு யார் வாதாடுவது?

தொண்ணூற்றுமூன்று ஆவணியில் ஹரோவில் கனகலிங்கம் என்ற கணக்காளருடைய மகளுக்குக் கலியாணம். ஞாயிறு காலை முகூர்த்தம். சனி மதியமே சமையல் பெட்டியை இழுத்துக்கொண்டு வெம்பிளிப் பக்கம் போனோம். அங்கே ஒரு குஜராத்திக்காரர் பலகை விற்கிற தன் மரக்காலையின் படலையை எப்போதும் எங்களுக்குத் திறந்துவிடுவார். அன்று படலையில் சங்கிலி. மனிதர் மரக்காலையை விற்றுவிட்டாராம். உள்ளே இருந்து ஒரு நாய் எங்கள் மேல் பாய்ந்து கம்பியில் மோதி விழுந்தது. அதன் பின்னால் வந்தவன் நாயைவிடக் கெட்ட வார்த்தை பேசினான்.

பிறகு ஒவ்வொரு தெருவாக அலைந்தோம். மதுக்கடை ஒன்றின் பின்னால் இடமிருந்தது, அக்கா தலையை ஆட்டிவிட்டார். வீடுகளுக்கு முன்னால் நிறுத்தியதும் ஒரு கிழவி கண்ணாடியைத் தட்டி விரட்டினாள். பாலத்தின் கீழ் போத்தல் உடைசல். கடைசியில் ரயில்பாதைக்கு இந்தப் பக்கம், மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலையின் மதிலோரம் ஒரு முட்டுச் சந்து அகப்பட்டது. ஒரு பெட்டி நிற்கத்தான் அங்கே இடம். பெட்டியைப் பின்பக்கமாகத் தள்ளித்தான் உள்ளே விட வேண்டும்.

அண்ணை பெட்டியைக் கழற்றிச் சில்லுக்குக் கட்டை வைத்தார். "இஞ்சரும், இதிலை ஒண்டைத்தான் விடலாம். மற்றதை எடுத்துக்கொண்டு வந்து கிட்டடியிலை ஒரு இடம் பாத்துப் போட்டு இஞ்சை வாறன். நீர் பாலாவோடை நில்லும்" என்றார்.

"ஓம்" என்றார் அக்கா.

அண்ணை பிக்கப்பில் ஏறினார். "எங்கை அண்ணை பாக்கப்..." என்று நான் தொடங்கினேன். முடிக்கவில்லை. அக்காவின் உள்ளங்கை என் வாயில் வந்து விழுந்தது. உதடு பல்லில் வெட்டி இரத்தம் வந்துவிட்டது.

"வெளிக்கிட்ட மனிசனை எங்கையெண்டு கேக்கிறியோடா, மூதேசி!"

அண்ணை கண்ணாடியால் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "விடும், பொடியன் அறியாமல் கேட்டிட்டான்" என்றார். எனக்கு முப்பது கடந்திருந்தது. "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் பிக்கப்பை எடுத்துக்கொண்டு போனார்.

நான் வெங்காயம் வெட்டத் தொடங்கினேன். அக்கா பெட்டியின் படியில் இருந்து புளி கரைத்தார். வெயில் தொழிற்சாலை மதிலின் மேல்விளிம்புக்கு ஏறியிருந்தபோது ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் புகை எழும்பியது. கன்னங்கரிய புகை, பெயின்ற் எரிகிற மணம். "ரயர் எரிக்கிறாங்கள் போல" என்றேன். தீயணைப்பு வண்டியின் சைரன் கேட்டது. அக்கா பெட்டியின் கொளுவியில் ஏறி நின்று பார்த்தார். தண்டவாளத்துக்கு மேலே கம்பிகளும் கூரைகளும்தான் தெரிந்தன.

இறங்கிச் சந்தின் வாசல்வரை நடந்தார். திரும்பிப் பெட்டியைப் பார்த்தார். "பெட்டியை விட்டிட்டுப் புகையை விடுப்புப் பாக்கப் போறதோ?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பி வந்தார்.

"நான் ஓடிப்போய்ப் பாத்திட்டு வரட்டோ அக்கா?"

"நீயும் போனா என்னோடை ஆர் நிக்கிறது? அவர் இப்ப வந்திடுவார். வெங்காயத்தை வெட்டு."

பொழுது பட்டது. அண்ணை வரவில்லை. சந்து முனையில் இருந்த தொலைபேசிக் கூண்டிலிருந்து மிச்சத்தில் வீட்டுக்குக் கீழிருந்த கடைக்குப் போன் எடுத்தேன். மணவறைப் பெட்டியைக் கொளுவிக்கொண்டு அவர் பின்னேரமே வெளிக்கிட்டுவிட்டதாகக் கீழ்க்கடைக்காரர் சொன்னார். அதாவது இதற்குள் வந்து சேர்ந்திருக்க வேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி. கிட்டடி என்றால் எந்தக் கிட்டடி? நாங்கள் நின்ற இடத்தைச் சுற்றி நாலு திசையிலும் லண்டன் கிடந்தது.

பெட்டியை ஏன் அங்கே விட்டோம் என்று கேட்க ஒரு பொலிஸ் கார் வந்தது. நான் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னேன். உள்ளேயிருந்த இருவரில் மூத்தவன் இறங்கி அக்காவைப் பார்த்தான். மற்றப் பெட்டியை எங்கே விடப்போவதாக உன் கணவர் சொன்னார் என்று கேட்டான். தெரியாது என்றார் அக்கா. நீ கேட்கவில்லையா என்றான். இல்லை. ஏன்? அக்கா என்னைப் பார்த்தார். "போகேக்கை நாங்கள் கேக்கிறேல்லை எண்டு சொல்லு" என்றார். அதை நான் எந்த ஆங்கிலத்தில் சொல்வது? எங்கள் வழக்கம் அப்படி என்றேன். அவன் காரில் இருந்தவனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். மனைவியிடம் சொல்லாமல் போகிற ஆண்கள் பெரும்பாலும் காலையில் வந்துவிடுவார்கள் என்றான். நீங்களும் விடிந்ததும் இதை அகற்றிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் வேறொரு பொலிஸ் நிலையத்துக்குச் சொந்தம் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. ஒரு தண்டவாளம் குறுக்கே கிடந்தால் ஒரு மனிதன் இல்லாமலே போய்விடுகிறான்!

அன்றிரவு அக்கா கண் மூடவில்லை. ஒவ்வொரு கார்ச் சத்தத்துக்கும் எழுந்து நின்றார். "கேக்க வாய் உன்னினது. கேட்டிருந்தா அவருக்கு ஏதும் வந்திடுமெண்டு விட்டிட்டன். கேக்காமலும் வந்திட்டுதேடா" என்றார். எனக்கு அவரைத் திட்டவேண்டும்போல இருந்தது. முகத்தைப் பார்த்தபிறகு திட்ட மனம் வரவில்லை.

விடிந்ததும் கனகலிங்கத்துக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவர் பக்கத்து வீட்டு லாண்ட் ரோவரை இரவல் வாங்கிக்கொண்டு வந்து எங்கள் பெட்டியைக் கொளுவினார். அக்கா உடனே சம்மதித்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "ஆளையாள் தவறவிட்டா கலியாண ஹோலிலைதான் சந்திக்கிறது எண்டு எங்களுக்குள்ளை கதை. அவர் எங்கை நிண்டாலும் ஹோலுக்குத்தான் வருவார்" என்றார். அதை நம்பித்தான் அடுப்பை மூட்டினோம்.

மணவறை இல்லை. இரண்டு பட்மின்டன் கம்பங்களுக்கு நடுவில் கூறைச்சேலை நிறத்தில் ஒரு சேலையைக் கட்டி, கதிரை இரண்டைப் போட்டு, ஐயர் மந்திரத்தைத் தொடங்கிவிட்டார். சனத்துக்கு அது பெரிய பகிடி. சமையலறையின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அக்கா சாம்பார் கிண்டினார். வாசலில் ஒரு வண்டி வந்து நின்றால் கை நிற்கும். அது யாரோ உறவுக்காரரின் கார் என்று தெரிந்ததும் கை மறுபடியும் சுற்றும்.

தாலி கட்டி முடிந்து மேளம் ஓய்ந்த நேரம், பத்மநாதன் என்ற டொக்டர் பின்கதவால் வந்தார். மாப்பிள்ளையின் உறவு. கோட்டும் சூட்டும் போட்டிருந்தாலும் கண்ணிரண்டும் சிவந்து கிடந்தன. "தம்பி, பந்திக்கு முதல் ஒரு வாய்க்கு ஏதும் இருக்கோ? ராத்திரி டியூட்டி. அப்பிடியே நேரை வாறன்" என்றார். வாழையிலைத் துண்டில் இரண்டு வடை வைத்துக் கொடுத்தேன். அவர் நின்றபடியே தின்றார்.

"கடும் வேலையோ டொக்டர்?"

"அதை ஏன் கேக்கிறீர். எங்கடை ஆள் ஒருத்தர். ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது, வண்டிக்குள்ளை கிடந்த சட்டையோடை பேர் விபரம் எல்லாத்தையும் அடிச்சவங்கள் கொண்டுபோட்டாங்கள். ரயில்பாதைக்குப் பக்கத்து வெறும் வளவொண்டிலை பெட்டியொண்டைக் கழட்டிக்கொண்டு நிண்டவராம். இரும்புக் குழாயாலை அடிச்சு, காலை முறிச்சு, வண்டியைக் கொண்டுபோய், போற போக்கிலை பெட்டிக்கு நெருப்பும் வைச்சிருக்கிறாங்கள். அவர் சில்லோடை கிடந்தவர். எழும்ப ஏலேல்லை. அரைவாசி உடம்பு எரிஞ்சுபோச்சு."

நான் அக்காவைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவு வரவில்லை.

"ராத்திரி முழுக்க ஏதோ கத்தினவராம். வெள்ளை நேர்ஸுகளுக்கு விளங்கேல்லை. விடியப்புறம்தான் என்னைக் கூப்பிட்டவை. ஒண்டைத்தான் சொல்றார். 'என்ரை மனிசி தனிய நிக்கிறா, ஆரும் போய்ப் பாருங்கோ' எண்டு. பேரைக் கேட்டாலும் அதுதான் பதில். எங்கையெண்டு கேட்டன். றோட்டின்ரை பேர் அவருக்குத் தெரியேல்லை."

அகப்பைப் பிடி கிடாரத்தின் விளிம்பில் ஒருமுறை தட்டி உள்ளே அமிழ்ந்தது. அக்கா டொக்டரின் கோட்டைப் பிடித்து உலுப்பினார். "எந்த ஆஸ்பத்திரி? நடவும்! இப்பவே நடவும்!" டொக்டருடைய கையிலிருந்த வடை தரையில் விழுந்தது. நான் அடுப்புகளை அணைத்தேன். கனகலிங்கம் பட்டு வேட்டியோடு ஓடிவந்து கதவில் குறுக்கே நின்று, "பிள்ளை, பந்தி வைக்கோணும், சனம் இருந்திட்டுது" என்றார். அக்கா அவரை நெஞ்சில் தள்ளிய தள்ளில் மனிதர் தட்டு அடுக்கோடு விழுந்தார். வெளியே பெட்டி வாயைத் திறந்தபடி கிடந்தது, உள்ளே எல்லாச் சாமானும். அக்கா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

டொக்டர் காரை விரட்டினார். போகிற வழியில் ரயில்பாதைக்கு மேலால் போகும் பாலத்தில் ஏறினோம். ஒரு பக்கம் நாங்கள் நேற்று நின்ற தொழிற்சாலை மதில் தெரிந்தது. மறுபக்கம் ஒரு வளவில் கறுத்த இரும்புச் சட்டம் ஒன்று சில்லில்லாமல் கிடந்தது. அங்கே வெல்வெட்டுமில்லை, மயிலுமில்லை. அக்கா இரண்டையும் பார்த்தார். இந்த நாசவேலையைச் செய்தவர்களை இன்றுவரை ஒருவரும் பிடிக்கவில்லை. பிடித்தால்தான் என்ன?

அண்ணையைத் துணியால் சுற்றி வைத்திருந்தார்கள். முகத்தில் ஒரு கண்ணும் வாயும்தான் வெளியே தெரிந்தன. இடது கை எரியாமல் தப்பியிருந்தது. அக்கா அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு கட்டிலோரம் முழங்காலில் இருந்தார்.

"ஆர்?" என்றார் அண்ணை.

"நான்தான் அப்பா."

"தனியவோ வந்தனீர்?"

"பாலாவும் நிக்கிறான்."

அண்ணை மூச்சை இழுத்துக் கேட்டார். "அப்ப பெட்டி? பெட்டியை ஆரிட்டை விட்டிட்டு வந்தனீர்?"

"ஒருத்தரிட்டையும் விடேல்லை. விட்டிட்டு வந்திட்டன்."

அண்ணையின் வாயோரம் அசைந்தது. அது சிரிப்பென்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். டொக்டர் கருவியைப் பார்த்துவிட்டு நேர்ஸைக் கூப்பிடப் போனார்.

"நெருப்பைக் கண்டனான் அப்பா" என்றார் அக்கா. "ஏறி நிண்டு பாத்தனான். உங்கடையெண்டு தெரியேல்லை. பெட்டியை விட்டிட்டு வரக்கூடாதெண்டு திரும்பிப் போட்டன். தெரிஞ்சிருந்தா வந்திருப்பன். ஓடி வாற தூரம்தான். கேக்குதோ? ஓடி வாற தூரம்தான்."

அண்ணையின் மூச்சுச் சத்தம் நின்றிருந்தது. அக்கா அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நேர்ஸ் வந்து அண்ணையின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, அக்காவின் கைக்குள்ளிருந்து அந்தக் கையை மெதுவாக எடுக்கப் பார்த்தாள். அக்கா எழுந்து அவளை அடிக்கக் கை ஓங்கினார். நான் அதை எட்டிப் பிடித்தேன். அதில் பலமே இருக்கவில்லை.